வேண்டாத காரின் தானக் கணக்கு

அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு ஒருவர் தம்மிடம் இருந்த 1983-ஆம் வருடத்து ஜி.எம்.சி. டிரக்கை ஓர் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்தார். வண்டி ஏலத்தில் 375 டாலருக்குப் போனது. விளம்பரச் செலவு, நிதி திரட்டிக் கொடுத்த நிறுவனத்தின் செலவு, அதன் பங்கு எல்லாம் போக அறக்கட்டளையின் கைக்கு வந்து சேர்ந்தது 31 டாலர் 50 சென்ட். கொடுத்தவர் வருமான வரிக் கணக்கில் எழுதிய தான மதிப்போ 2,400 டாலர். அன்றைய நடைமுறையில் இது ஒன்றும் அதிசயமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., 2003 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இந்த டிரக்கின் கதையை ஓர் உதாரணமாகத்தான் சொல்கிறது.

அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கியவர்கள் செனட் நிதிக் குழுவின் சக் கிராஸ்லியும் மேக்ஸ் பாக்கஸும். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரே சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. 2000-ஆம் வரியாண்டில் தாக்கலான சுமார் 12.9 கோடி வரிக் கணக்குகளில் 7,33,000 கணக்குகள் வாகன தானத்தைக் காட்டியிருந்தன. அதனால் அரசுக்கு வராமல் போன வரி ஏறத்தாழ 65.4 கோடி டாலர். ஜி.ஏ.ஓ. 54 வண்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் எழுதிக்கொண்ட மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் அறக்கட்டளைக்குப் போயிருந்தது. சில வண்டிகளில் அறக்கட்டளைக்குக் கைநஷ்டம்.

இவ்வளவு பெரிய ஓட்டை எப்படி விழுந்தது? வரிச் சட்டம் அப்போது காரின் ‘நியாயமான சந்தை மதிப்பை’ வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தது. அந்த மதிப்பை யார் சொல்வது? பழைய கார்களின் விலைப்பட்டியலாக 1926 முதல் வந்துகொண்டிருக்கும் கெல்லி புளூ புக்கைத்தான் எல்லோரும் புரட்டினார்கள். அதில் ஒரே காருக்குப் பல விலைகள் இருக்கும்: நல்ல நிலையில் இருந்தால் ஒன்று, சுமாராக இருந்தால் ஒன்று, டீலர் விற்றால் ஒன்று, நேரடியாக விற்றால் ஒன்று. தம் வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் காரை ‘நல்ல நிலை’ என்ற வரிசையில் வைத்துப் பார்ப்பது மனித சுபாவம். வானொலியும் செய்தித்தாளும் ‘புளூ புக் விலை முழுவதும் வரிக்கழிவு’ என்று கூவின. விளம்பரத்தில் அறக்கட்டளையின் பெயர் இருந்தாலும், அதற்குப் பின்னால் லாபத்துக்கு நடக்கும் ஒரு கம்பெனி இருந்தது.

அந்தக் கம்பெனியைப் புரிந்துகொள்ளாமல் கார் தானத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தானம் கொடுப்பவர் ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கூப்பிடுகிறார். எதிர்முனையில் பேசுபவர் பெரும்பாலும் அறக்கட்டளையின் ஊழியர் அல்லர். ஒப்பந்தத்துக்கு எடுத்த நிறுவனத்தின் கால் சென்டர். இரண்டு மூன்று நாளில் இழுவை வண்டி வருகிறது. அமெரிக்காவில் ‘டைட்டில்’ என்று அழைக்கும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரை ஏற்றிப் போகிறது. கார் போய்ச் சேரும் இடம் அநாதை இல்லமோ புற்றுநோய் மருத்துவமனையோ அல்ல, ஏல மைதானம். கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற நிறுவனங்கள் நாடு முழுவதும் இத்தகைய மைதானங்களை வைத்திருக்கின்றன. விபத்தில் நசுங்கிய கார், வெள்ளத்தில் மூழ்கிய கார், தானமாக வந்த கார் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். பிரித்து உதிரிபாகம் விற்பவர்கள், பழைய கார் டீலர்கள், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் இணையத்தில் ஏலம் கேட்பார்கள். ஓடாத வண்டியானால் இரும்பின் எடையும், புகைபோக்கிக் குழாயில் இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரும்தான் விலையை நிர்ணயிக்கும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. செத்துப்போன காரில் சில சமயம் அதுதான் மிச்சமிருக்கும் சொத்து.

ஏலத்தொகையில் இழுவைக் கூலி போகும், ஏலக் கட்டணம் போகும், பத்திரச் செலவு போகும். மிஞ்சுவதில் ஒப்பந்த நிறுவனத்தின் பங்கு போகும். ஒப்பந்தங்கள் பல விதம். சில நிறுவனங்கள் நிகரத் தொகையில் சதவீதம் எடுக்கும்; சில ஒரு காருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வாங்கும். சில அறக்கட்டளைகள் தங்கள் பெயரைப் பயன்படுத்த விட்டுவிட்டு, எத்தனை கார் வந்தாலும் சரி என்று மாதம் ஒரு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டதும் உண்டு. கடைசி ரகம், அறக்கட்டளை தன் பெயர்ப்பலகையை வாடகைக்கு விடுவதுதான். தானம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் விகிதம் நடைமுறைக்குத் தூரமில்லை. ஒருவரிடம் ஓடுகிற கார் இருக்கிறது; பொறுமையாக விளம்பரம் போட்டு நேரடியாக விற்றால் 3,000 டாலர் வரும். அதே கார் ஏலத்தில் 1,500-க்குப் போகிறது. செலவும் பங்கும் போக அறக்கட்டளைக்கு 1,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் 22 சதவீத வரி அடுக்கில் இருந்து, செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிவும் கேட்பவரானால், இன்றைய சட்டப்படி 1,500-க்கு வரிக்கழிவு, அதாவது 330 டாலர் மிச்சம். அவரே காரை விற்று 3,000 டாலரையும் காசோலையாக எழுதிக் கொடுத்திருந்தால்? அறக்கட்டளைக்கு மூன்று மடங்கு, அவருக்கும் 660 டாலர் மிச்சம். இரு தரப்புக்கும் லாபமான வழி கண்ணெதிரே இருக்கும்போது ஏன் லட்சக்கணக்கானோர் மற்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. எனக்குத் தோன்றும் பதில்: அவர்கள் பெரும்பாலும் காரைக் கொடுக்கவில்லை, தொந்தரவைக் கொடுக்கிறார்கள்.

அதற்குச் சான்றாக 2005-ஐப் பார்க்கலாம். ஜி.ஏ.ஓ. அறிக்கைக்கு அடுத்த ஆண்டு, 2004-இல், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2005 ஜனவரி 1 முதல் அமல். இதன்படி 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், காரை அறக்கட்டளை விற்ற தொகை எவ்வளவோ அவ்வளவுதான் கழிவு. விற்ற 30 நாளுக்குள் அறக்கட்டளை 1098-சி என்ற படிவத்தைக் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் கழிவு இல்லை. 500 டாலரோ அதற்குக் குறைவோ விலைபோன காருக்கு மட்டும் 500 வரை சந்தை மதிப்பைக் காட்டலாம் என்று ஒரு சலுகை. விளைவு உடனே தெரிந்தது. 2004-இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தானக் கார்கள் 2005-இல் 3 லட்சத்துக்கு இறங்கின. கழிவாகக் காட்டிய மதிப்பு 240 கோடி டாலரிலிருந்து சுமார் 50 கோடியாகச் சுருங்கியது.

இந்த வீழ்ச்சியை அறக்கட்டளைகள் பெரும் இழப்பு என்று புலம்பின. பாதி உண்மை. போன 6 லட்சம் கார்களில் எத்தனை உண்மையில் அறச்செயலுக்குப் பணம் தந்தவை, எத்தனை அரசின் வரிப் பணத்தை மடைமாற்றியவை என்று பிரித்தால், பின்னதே அதிகம் என்றுதான் சொல்வேன். அதைவிட கவனிக்கவேண்டியது, மிச்சம் நின்ற 3 லட்சம் பேர். வரிச் சலுகை சுருங்கிய பிறகும் கொடுத்தவர்கள் இவர்கள். இழுவை வண்டி இலவசமாக வந்து வாசலைக் காலி செய்வது இவர்களுக்குப் போதுமான பரிசாக இருந்திருக்கிறது. பல அமெரிக்க நகரங்களிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் ஓடாத காரை வாசலில் நிறுத்தி வைத்தால் நோட்டீஸ் வரும் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். வேலை முடிந்து ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த நெருக்கடி பழக்கமானதுதான். பெட்டி கட்டிய கடைசி வாரத்தில் கார் மட்டும் விலைபோகாமல் நின்றால், நண்பர் தலையில் கட்டுவது அல்லது தானம் என்ற இரண்டே வழி.

2004 சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வாசல் இருக்கிறது. விற்ற தொகைக்கு மட்டும் கழிவு என்ற விதிக்கு மூன்று விலக்குகள். அறக்கட்டளை காரைத் தானே கணிசமான காலம் பயன்படுத்தினால், காரின் மதிப்பு உயரும்படி பெரிய பழுதுபார்ப்பு செய்தால், அல்லது ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தால், கொடுத்தவர் முழு சந்தை மதிப்பையும் கழித்துக்கொள்ளலாம். வரித்துறை இதில் கறாராகத்தான் இருக்கிறது. வீட்டில் முடங்கிய முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு வருடம் தினமும் ஓட்டினால் அது ‘பயன்பாடு’. ஏதோ நாலு தடவை ஓட்டிவிட்டு விற்றால் இல்லை. பெயிண்ட் அடிப்பதும், துரு தடுப்புப் பூச்சும், கழுவித் துடைப்பதும் ‘மேம்பாடு’ ஆகாது.

மூன்றாவது விலக்குதான் இந்தத் துறையின் மிகச் சிறந்த பகுதிக்கு இட்டுச் செல்கிறது. 1996-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தம், உதவித்தொகை வாங்குபவர்கள் வேலைக்குப் போகவேண்டும் என்றது. வேலை புறநகரில், ஏழைகள் நகரத்துக்குள், இடையில் பஸ் இல்லை. இரவு ஷிப்டுக்கு நிச்சயம் இல்லை. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டிய தாய்க்கு கார் இல்லாமல் அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வழியே கிடையாது. இதில் இன்னொரு முரணும் இருந்தது: உணவு உதவி பெறும் குடும்பத்தின் காரின் மதிப்பு 4,650 டாலருக்கு மேல் போனால், மிச்சத் தொகை சொத்தாகக் கணக்கில் ஏறும் என்று மத்திய விதி. வேலைக்குப் போ என்று ஒரு கை தள்ளியது. நம்பகமான கார் வைத்திருந்தால் உணவு உதவிக்கு ஆபத்து என்று மறு கை மிரட்டியது. பின்னர் மாநிலங்களுக்கு இந்த விதியைத் தளர்த்த இடம் கிடைத்தது.

அதே 1996-இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் ஹால் கோல்ஸ்டன் என்பவர் ‘குட் நியூஸ் கராஜ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பெயருக்கேற்ற கராஜ்தான். தானமாக வரும் காரில் தேறக்கூடியதைப் பிரித்தெடுத்து, மெக்கானிக்குகளைக் கொண்டு பழுது பார்த்து, கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்களிடம் ஒப்படைப்பார்கள். தேறாததை விற்று அந்தப் பணத்தைப் பழுதுபார்க்கச் செலவிடுவார்கள். வெர்மாண்ட் பனியும் மலையும் நிறைந்த, கிராமங்கள் சிதறிக் கிடக்கும் மாநிலம். அங்கே கார் இல்லாதவர் பாதி ஊனமானவர். மேரிலாந்தில் 1999-இல் தொடங்கிய ‘வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’ இதே வழியில் போகிறது. சமூகநல அமைப்புகள் பரிந்துரைக்கும் குடும்பங்களுக்குச் சொற்ப விலையில் கார் கொடுக்கிறது. அதோடு நில்லாமல், சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு அந்தக் கார்களை வைத்தே மெக்கானிக் வேலை சொல்லித் தருகிறது. ஒரே பழைய ஹோண்டா ஒருவருக்குத் தொழிலையும் இன்னொருவருக்கு வேலைக்குப் போகும் வழியையும் தருகிறது. ஏல மைதானத்தில் 1,500 டாலருக்குக் கைமாறியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

இப்படிப்பட்ட அமைப்புகள் ஏன் குறைவு? பணம் கறப்பதைவிட கார் பழுது பார்ப்பது கடினம் என்பதுதான் காரணம். இடம் வேண்டும், லிஃப்ட் வேண்டும், மெக்கானிக் சம்பளம், காப்பீடு வேண்டும். கொடுத்த கார் மூன்றாம் மாதம் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் முன்பைவிட மோசமான நிலைக்குப் போகும். ஆகவே பொறுப்பும் எடுக்கவேண்டும். தானமாக வரும் கார்களில் பெரும்பாலானவை இந்தச் செலவுக்கு லாயக்கில்லாதவை என்பதும் உண்மை. ஏலத்துக்கு விடுவதைக் குற்றமாகப் பார்க்க நான் தயாரில்லை. அமெரிக்கப் பொது வானொலி நிலையங்கள் பல வருடங்களாக வாகன தானத்தை ஒழுங்காக நடத்தி வருகின்றன. நேயர்களின் பழைய வால்வோ ஏலமாகிச் செய்தியாளருக்குச் சம்பளமாகிறது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் பழைய கார் விலை ஒரே வருடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, ஏலத்துக்கு விடும் அறக்கட்டளைகளுக்கும் நல்ல காலம். முழுக்கச் செத்த காருக்கும் உபயோகம் இருக்கிறது: தீயணைப்பு நிலையங்கள் அவற்றை வெட்டித்தான், விபத்தில் சிக்கியவரைக் காரிலிருந்து மீட்கும் பயிற்சி எடுக்கின்றன.

குறை ஏலத்தில் இல்லை; ஏலத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் லேக்வுட்டில் இயங்கும் ‘கார்ஸ்ஃபார்கிட்ஸ்’ என்ற கார் தான அமைப்பை அமெரிக்காவில் தெரியாதவர் கிடையாது. தொலைபேசி எண்ணையே பாட்டாகப் பாடும் அதன் விளம்பரம் கேட்டவர் காதை விட்டுப் போகாது. பாட்டில் குழந்தைகள் என்ற வார்த்தை வருகிறது. எந்தக் குழந்தைகள் என்பது வருவதில்லை. பணத்தின் பெரும்பகுதி ஊரா என்ற சகோதர அமைப்பின் வழியாக யூதக் குழந்தைகளின் சமயக் கல்விக்கும் முகாம்களுக்கும் போகிறது. அது சட்டப்படி சரியான அறப்பணி. கொடுப்பவருக்குச் சொல்லிவிட்டு வாங்கினால் யாருக்கும் புகார் இருக்காது. சொல்லவில்லை என்பதற்காக 2009-இல் பென்சில்வேனியாவும் ஆரிகனும் நடவடிக்கை எடுத்து, பணம் கட்டவைத்துச் சமரசம் செய்துகொண்டன. 2017-இல் மினசோட்டாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் லோரி ஸ்வான்சன் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012 முதல் 2014 வரை அந்த மாநிலத்தவர் கொடுத்த சுமார் 30 லட்சம் டாலரில் மினசோட்டாக் குழந்தைகளுக்குச் செலவானது 1 சதவீதத்துக்கும் குறைவு.

இதைவிட மோசமானது 2025 ஜனவரியில் வெளிவந்தது. ‘கார்ஸ்-ஆர்-அஸ்’ என்ற நிதிதிரட்டும் நிறுவனத்தின் மீது மத்திய வர்த்தக ஆணையமும் பல மாநிலங்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்து உயிர்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி 2017 முதல் 2022 வரை அது ஓர் அறக்கட்டளைக்காகத் திரட்டியது 4.5 கோடி டாலருக்கு மேல். பரிசோதனைக்குப் போனது 1,26,815 டாலர். நூறு டாலருக்கு 28 சென்ட்.

இந்த விகிதத்தை முன்கூட்டியே சொல்லும்படி கட்டாயப்படுத்தினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். வட கரோலினா மாநிலத்துக்குத் தோன்றியது. தொழில்முறையில் நிதி திரட்டுபவர்கள், முந்தைய வருடம் திரட்டியதில் எத்தனை சதவீதம் அறக்கட்டளைக்குப் போனது என்று தானம் கேட்கும்போதே சொல்லவேண்டும் எனச் சட்டம் போட்டது. 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: தானம் கேட்பது பேச்சு, அதில் இன்னதைச் சொல் என்று அரசு கட்டளையிடுவது பேச்சுரிமைக்கு விரோதம். 2003-இல் இல்லினாய் வழக்கில் நீதிமன்றம் ஒரு ஜன்னலைத் திறந்தது. வியட்நாம் போர் வீரர்களுக்காகத் திரட்டியதில் 85 சதவீதத்தைத் தாங்களே வைத்துக்கொண்ட நிறுவனத்தின் மீது, பணத்தின் கணிசமான பங்கு வீரர்களுக்குப் போகும் என்று பொய் சொல்லியிருந்தால், மோசடி வழக்குப் போடலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு. ஆகவே இன்றைய நிலை இது: பொய் சொன்னால் பிடிக்கலாம், சொல்லாமல் விட்டால் பிடிப்பது கஷ்டம். விளம்பரங்கள் பாட்டாகவும் படமாகவும் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வரிச் சட்டத்தின் வழியாக நெறிப்படுத்தும் பிடியும் தளர்ந்துவிட்டது. 2017-இன் வரிச் சட்டம் எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவை ஏறத்தாழ இருமடங்காக்கியது. 2025-க்கு அது தனி நபருக்கு 15,750 டாலர், தம்பதிக்கு 31,500. செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கழிவு கேட்பவர்கள் பத்துக்கு மூவராக இருந்தது பத்துக்கு ஒருவராகக் குறைந்தது. பட்டியலிடாதவர் காரைக் கொடுத்து ஒரு டாலர் வரியையும் மிச்சப்படுத்த முடியாது. 2026 முதல் அவர்களுக்கும் தானக் கழிவு உண்டு, தனி நபருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை. ஆனால் ரொக்கத்துக்கு மட்டும், காருக்கு இல்லை. ஏழைக்குப் போகும் காருக்கு முழு மதிப்பு என்ற அருமையான விலக்கும் இதனால் பெரும்பாலோருக்குக் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. நிலைமை இப்படி இருக்க, விளம்பரங்கள் இன்னும் ‘வரிக்கழிவு’ என்றே பேசுகின்றன.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஓடுகிற கார் வைத்திருப்பவர் அதைப் பழுது பார்த்துக் குடும்பத்துக்குக் கொடுக்கும் அமைப்பு அருகில் இருந்தால் அங்கே விடலாம். இல்லையென்றால் விற்றுப் பணமாகக் கொடுப்பது மேல். ஓடாத காரை ஏலத்துக்கு விடும் அமைப்புக்குக் கொடுப்பதில் தவறில்லை. காயலான் கடைக்காரர் தரும் தொகையையும் ஒரு முறை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். எந்த வழியானாலும் உரிமைப் பத்திரத்தில் பெறுபவர் பெயரை வெற்றிடமாக விடக்கூடாது. நம்பர் பிளேட்டைக் கழற்ற வேண்டிய மாநிலமானால் கழற்றிவிட்டு, கார் கைமாறியதை மாநிலப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் தானம் கொடுத்த காரின் பார்க்கிங் அபராதமும் சுங்கக் கட்டணமும் பழைய வீட்டு விலாசத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

சட்டத்தில் இன்னும் செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. 1098-சி படிவத்தின் 4-சி பெட்டியில் கார் விற்ற மொத்தத் தொகை இருக்கும். 5-ஏ பெட்டி, அறக்கட்டளை காரைத் தானே பயன்படுத்தப் போகிறதா, பழுது பார்க்கப் போகிறதா என்று கேட்கிறது. 5-பி, ஏழைக்குப் போகிறதா என்று. இழுவை, ஏலம், ஒப்பந்த நிறுவனத்தின் பங்கு போக அறக்கட்டளைக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதற்குப் பெட்டியே இல்லை. 1988 தீர்ப்பு தடுத்தது தானம் கேட்கும் பேச்சில் தலையிடுவதைத்தான். நிதிதிரட்டுபவர்கள் தாக்கல் செய்யும் கணக்குகளை அரசே வெளியிடுவதற்குத் தடையில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வரிப் படிவம் பேச்சு அல்ல. கழிவு தருவது அரசு. அதற்கு நிபந்தனை வைப்பதும் அதன் உரிமை. 4-சிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி சேர்க்க நாடாளுமன்றத்துக்குப் புதிய தத்துவம் எதுவும் தேவைப்படாது. தேவைப்படுவது, 2003-இல் இரண்டு செனட்டர்கள் காட்டிய ஆர்வத்தில் பாதி.